தேசபக்தன் நடத்திய நடேசய்யர்

பிழைப்பைத் தேடிக் கடல்கடந்து வந்தவர்களையும் அவர்களுக்காகப் பேசும் தலைவர்களையும் செய்தித்தாள்கள் எவ்வாறு காட்டுகின்றன என்பது இன்று உலகின் பல நாடுகளில் விவாதிக்கப்படும் பொருள். நூறு ஆண்டுகளுக்கு முன்பு இலங்கையிலும் இந்த விவாதம் நடந்தது. தஞ்சை மண்ணில் பிறந்து, இலங்கையில் இதழாளராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் சட்டமன்ற உறுப்பினராகவும் விளங்கிய கோ. நடேசய்யர் அந்த விவாதத்தின் நடுவே நின்றவர். அவர் செய்தித்தாள்களை நடத்தினார். செய்தித்தாள்கள் அவரைத் தாக்கவும் செய்தன. அவருடைய வாழ்க்கையை இப்பாடம் கூறுகிறது.

கடல் கடந்த வழிகள்

பேரளத்திலிருந்து காரைக்காலுக்குச் செல்லும் வழியில் உள்ளது அம்பகரத்தூர். இன்று அங்குப் பயணம் செய்வோருக்கு ஊர்ப் பெயர்ப் பலகையைத் தவிர வேறு மாற்றம் பெரிதாகத் தெரியாது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தச் சிறிய தொலைவுக்குள் ஓர் ஆட்சி முடிந்து மற்றோர் ஆட்சி தொடங்கியது. கிழக்கே பிரெஞ்சு ஆட்சி. மேற்கே ஆங்கிலேயர் ஆண்ட தஞ்சை மாவட்டம். வயல்கள் ஒன்றே, வாய்க்கால்கள் ஒன்றே, பேச்சும் ஒன்றே. எனினும் பஞ்சமும் கடனும் நெருக்கியபோது எந்தக் கரையில் கப்பலேறினார்கள் என்பதைப் பொறுத்து அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் மொழியும் நாடும் மாறிப்போயின. காரைக்காலிலும் புதுச்சேரியிலும் கப்பலேறியவர்கள் ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக் ஆகிய பிரெஞ்சுத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களை அடைந்தார்கள். திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பகுதிகளிலிருந்து புறப்பட்ட பெருங்கூட்டம் மன்னார்க் கடலைக் கடந்து இலங்கையின் மலைநாட்டை அடைந்தது.

இலங்கைக்குச் சென்றவர்கள் முதலில் காப்பித் தோட்டங்களில் உழைத்தார்கள். காப்பிச் செடியை இலைநோய் அழித்த பின்னர்த் தேயிலை வந்தது. மன்னார்க் கரையிலிருந்து மாத்தளைவரை காட்டுவழியே நடந்து சென்றவர்களுள் பலர் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டனர். தோட்டத்தை அடைந்தவர்களுக்கு வரிசையாகக் கட்டப்பட்ட லயங்களில் ஒற்றையறை வீடு கிடைத்தது. விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். கங்காணி பெயர் கூப்பிடுவார். துரை வேலையைப் பிரித்துத் தருவார். ஊரிலிருந்து புறப்படும்போதே வழிச்செலவுக்கென்று வாங்கிய முன்பணம் கங்காணியின் பேரேட்டில் கடனாக ஏறியிருக்கும். ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்திற்குப் போகவேண்டுமானால் அந்தக் கடன் தொகையைக் குறித்த சீட்டு ஒன்று தேவைப்பட்டது. அதற்குத் 'துண்டு' என்று பெயர். புதிய துரை அந்தத் தொகையைக் கட்டினால்தான் பழைய துரை ஆளை விடுவார். ஆளுக்கு விலை வைத்த அந்தத் துண்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் ஒழிந்தது. புதுமைப்பித்தனின் 'துன்பக் கேணி' கதையைப் படித்தவர்களுக்கு இந்த மலைநாட்டு வாழ்வின் சாயல் நினைவிற்கு வரும்.

1921ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இலங்கையில் இந்தியத் தமிழர் ஏறத்தாழ 6 லட்சம் பேர் இருந்தனர். நாட்டின் ஏற்றுமதி வருவாயில் பெரும்பகுதி அவர்கள் கிள்ளிய கொழுந்திலிருந்து வந்தது. அவர்களைப் பற்றித் தோட்ட முதலாளிகளின் இதழ்களும் அரசு அறிக்கைகளும் எழுதாமலில்லை, நிறையவே எழுதின. எத்தனை பேர் வந்தனர், எத்தனை பேர் தேவை, எத்தனை பேர் ஓடிப்போயினர் என்று எழுதின. தேயிலை விலை, மழையளவு ஆகியவற்றோடு கூலிகளின் வரத்தும் ஒரு செய்தியாக இடம்பெற்றது.

புடவை வணிகராக வந்தவர்

கோதண்டராம நடேசய்யர் 1887ஆம் ஆண்டு தஞ்சாவூர்ப் பகுதியில் பிறந்தார். வணிகக் கல்வி பயின்று, அதனைப் பிறருக்குக் கற்பிக்கும் ஆசிரியராக இருந்தார். கணக்குப் பதிவு, காப்பீடு, எண்ணெய் எஞ்சின்கள் என்று அக்காலத் தமிழில் அரிதாக இருந்த பொருள்களில் நூல்கள் எழுதினார். தஞ்சாவூரில் 'வர்த்தக மித்திரன்' என்னும் இதழை நடத்தினார். அரசியலைவிடப் பேரேட்டிலும் வணிகக் கணக்கிலும் தேர்ந்த ஒருவர் பிற்காலத்தில் பெரும் தொழிலாளர் தலைவராக மாறியதை வியப்போடு குறிப்பிடுவோர் உண்டு. அதில் வியப்பதற்கு ஏதுமில்லை. கங்காணியின் பேரேட்டில் கூலி எங்கே குறைகிறது, கடன் எங்கே கூடுகிறது என்பதைக் கண்டுபிடிக்கக் கணக்கறிந்த கண் வேண்டும். அந்தக் கண் அவருக்கு முன்னரே வாய்த்திருந்தது.

தம் இதழுக்கு வாசகர்களைத் திரட்டும் நோக்கத்தோடு 1910களின் நடுப்பகுதியில் அவர் இலங்கைக்குச் சென்றார். கொழும்பில் இந்திய வணிகர்களைச் சந்தித்தார். மலைநாட்டுத் தோட்டங்களில் தம் நாட்டு மக்கள் வாழும் நிலையைப் பற்றிக் கேள்விப்பட்டு, நேரில் காண விரும்பினார். ஆனால் தோட்டம் துரையின் தனி உடைமை. இசைவின்றி நுழைவது குற்றம். புடவை விற்பவர்களுக்கு மட்டும் லயங்களுக்குச் செல்லும் வழி திறந்திருந்தது. எனவே நடேசய்யர் துணிமூட்டையைச் சுமந்த வணிகராகத் தோட்டங்களுக்குள் புகுந்து, மக்களின் வாழ்வைக் கண்டறிந்தார் என்பது மலைநாட்டில் இன்றும் வழங்கும் வரலாறு. இலங்கையில் அவர் திரட்டிய செய்திகள் பின்னர் 'பிளான்டர் ராஜ்' என்னும் ஆங்கில வெளியீட்டில் இடம்பெற்றன. தோட்டத்துரைகளின் ஆட்சி என்பது அதன் பொருள். நாட்டில் ஆளுநர் ஒருவர் இருக்க, மலைமேல் வேறொரு தனியாட்சி நடக்கிறது என்பதை அந்தத் தலைப்பே கூறிவிட்டது.

1920ஆம் ஆண்டளவில் அவர் கொழும்பில் தங்கத் தொடங்கினார். மருத்துவர் ஈ.வி. இரத்தினத்தின் துணையோடு வெளிவந்த 'தேசநேசன்' இதழில் ஆசிரியப் பொறுப்பேற்றார். தோட்ட முதலாளிகள் அவருடைய எழுத்தை விரும்பவில்லை. காவல்துறை அவரைக் கண்காணிப்பில் வைத்தது. வெளியிலிருந்து வந்து அமைதியான தொழிலாளரைத் தூண்டிவிடும் கிளர்ச்சிக்காரர் என்பதே அதிகார வட்டத்தில் அவருக்குக் கிடைத்த பெயர். இந்த அடைமொழியைச் சற்று நின்று நோக்க வேண்டும். இலங்கையில் தேயிலை பயிரிட்ட ஆங்கிலேயரும் ஸ்காட்லாந்துக்காரரும் கடல்கடந்து வந்தவர்களே. ஆனால் எந்த ஆங்கில இதழும் அவர்களை வெளியார் என்று எழுதவில்லை. வந்தவர் என்னும் சொல் கொழுந்து பறித்தவருக்கும் அவருக்காகப் பேசியவருக்கும் மட்டுமே உரியதாக இருந்தது.

இதற்கு ஒரு விதிவிலக்கும் பின்னாளில் நேர்ந்தது. இங்கிலாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த பிரேஸ்கர்டில் என்னும் இளைஞர் தோட்டத்தொழில் பழக இலங்கைக்கு வந்தார். அவர் தொழிலாளர் பக்கம் சாய்ந்து மேடைகளில் பேசத் தொடங்கியதும், 1937ஆம் ஆண்டு ஆளுநர் அவரை நாடு கடத்த ஆணையிட்டார். உயர்நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்று தீர்ப்பளித்தது. தோலின் நிறம் ஒன்றாக இருந்தும், எடுத்துக்கொண்ட பக்கம் மாறியவுடன் அவரும் வெளியாராகிவிட்டார்.

படிக்கத் தெரியாதவர்களுக்கு ஓர் இதழ்

1924ஆம் ஆண்டு நடேசய்யர் 'தேசபக்தன்' இதழைத் தொடங்கினார். 1929ஆம் ஆண்டுவரை அது வெளிவந்தது. இலங்கையின் தமிழ் இதழியல் வரலாற்றில் இந்த ஐந்தாண்டுகள் தனித்துப் பேசத்தக்கவை. 'வீரகேசரி' 1930இலும் 'தினகரன்' 1932இலும் தோன்றின. அவற்றுக்கு முன்னரே தோட்டத் தொழிலாளரை மையமாகக் கொண்டு ஒரு தமிழிதழ் கொழும்பில் நடந்தது என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

தோட்டங்களில் நடக்கும் அடிதடி, பொய்க்கணக்கு, மருத்துவமின்மை, கங்காணிகளின் கொடுமை ஆகியவற்றை அவ்விதழ் வெளியிட்டது. சட்டங்களைத் தமிழில் விளக்கியது. இதழ் எந்த மக்களுக்காக எழுதப்பட்டதோ அந்த மக்களுள் பெரும்பாலோர்க்கு எழுத்தறிவு இல்லை. படிக்கத் தெரிந்தவர்களின் கைகளுக்கும் இதழ் எளிதில் சென்றுசேராதபடி துரைமாரும் கங்காணிகளும் தடுத்தனர். லயத்தில் ஒருவர் படிக்கப் பலர் கேட்பதே அதன் வாசிப்பு முறையாக இருந்தது.

கேட்டே அறிய வேண்டிய மக்கள் என்பதை நன்குணர்ந்து செயற்பட்டவர் நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை. அவர் இதழ்ப் பணியில் பங்கேற்றதோடு, கூட்டங்களில் பாரதியாரின் பாடல்களையும் தாம் இயற்றிய பாடல்களையும் பாடினார். பேச்சுக்கு வராத கூட்டம் பாட்டுக்கு வந்தது. கூலிக்குறைப்பு, வாக்குரிமை மறுப்பு, இந்தியருக்கு எதிரான பரப்புரை என்று அன்றைய செய்திகளே அவருடைய பாடுபொருள்கள். மக்கள் அறிந்த மெட்டில் அமைந்த அப்பாடல்கள் துண்டு வெளியீடுகளாக அச்சிடப்பட்டுத் தோட்டங்களுக்குச் சென்றன. 1940ஆம் ஆண்டு அவருடைய பாடல்கள் இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை என்னும் தலைப்பில் நூலாயின. செய்தித்தாளை வாங்கவும் படிக்கவும் இயலாத மக்களிடம் செய்தியைக் கொண்டுசேர்த்த அம்மையாரை இதழாளர் என்றே அழைக்கலாம். வரலாற்று நூல்கள் அவருக்குத் தந்திருக்கும் இடம் போதாது.

நடேசய்யரின் எழுத்தில் கவனிக்கத்தக்க மற்றொன்று சொல்லாட்சி. அக்காலத்தில் தோட்டத்தில் உழைப்பவருக்கு வழங்கிய பெயர் கூலி. சட்டத்திலும் செய்தியிலும் கணக்கிலும் அதுவே வழங்கியது. பெறுகின்ற ஊதியத்தின் பெயரையே மனிதருக்குப் பெயராக வைத்த வழக்கு அது. நடேசய்யர் தம் நூல்களுக்குத் 'தொழிலாளர் சட்டப் புத்தகம்' போன்ற பெயர்களைச் சூட்டினார். ஆங்கிலத்திலும் 'இந்தியத் தோட்டத் தொழிலாளி' என்று பொருள்படும் பெயரில் ஓர் இதழ் நடத்தினார்.

சட்டசபையில்

அக்கால இலங்கைச் சட்டநிரூபண சபையில் இந்தியர்களுக்கென இரண்டு இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. 1925ஆம் ஆண்டு நடந்த இடைத்தேர்தலில் நடேசய்யர் வென்று சபைக்குச் சென்றார். சொத்தும் கல்வியும் உடையவர்களே வாக்களித்த தேர்தல் அது. தோட்டத் தொழிலாளருக்கு அப்போது வாக்கில்லை. கொழும்பின் இந்திய வணிகர்களும் அலுவலர்களும் தேர்ந்தெடுத்த ஒருவர், வாக்கில்லாத மக்களின் குரலாகச் சபையில் பேசினார்.

1927ஆம் ஆண்டு இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயிக்கும் சட்டம் வந்தது. அதன்படி மலைநாட்டின் உயர்ந்த பகுதியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், இடைப்பகுதியில் 52 சதம், தாழ்ந்த பகுதியில் 50 சதம் என்று பின்னர் நிர்ணயமாயிற்று. மலையின் உயரத்தைப் பொறுத்து மனிதரின் வயிற்றை அளந்த இந்தக் கணக்கில் பெண்ணுக்கும் சிறுவருக்கும் மேலும் குறைவு. சபையிலும் இதழிலும் நடேசய்யர் ஊதியம் போதாது என்று தொடர்ந்து வாதிட்டார். 1930ஐ ஒட்டிய உலகப் பொருளாதார மந்தம் தேயிலை விலையை வீழ்த்தியபோது, அந்தச் சிறு தொகையையும் குறைத்தார்கள்.

1931ஆம் ஆண்டு ஜனவரியில் ஹட்டன் நகரில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நடேசய்யர் தொடங்கினார். தோட்டத் தொழிலாளருக்கென்று அமைந்த முதல் தொழிற்சங்கம் இதுவே. ஊதியக் குறைப்பை எதிர்த்து அவர் கூட்டங்கள் நடத்தினார். கூட்டத்திற்குச் சென்றவர்களுக்குப் பற்றுச்சீட்டுக் கொடுத்துத் தோட்டத்திலிருந்து வெளியேற்றுவதே துரைமாரின் மறுமொழியாக இருந்தது. வேலை போனால் வீடும் போகும். லயத்து அறை தோட்டத்திற்குச் சொந்தம். இந்த அச்சத்திற்கு முன்னால் சங்கம் நெடுநாள் தாக்குப்பிடிக்கவில்லை. அதன் வலிமை குன்றினாலும், சங்கம் என்னும் சொல் மலைமேல் ஏறிவிட்டது.

'இந்தியர்' என்னும் ஒற்றைச் சொல்

நடேசய்யரின் வாழ்க்கையில் மிகவும் கசப்பான பகுதி வெள்ளைத் துரைமாரோடு நேர்ந்த மோதலன்று. உடன் உழைத்த தோழர் ஒருவரோடு நேர்ந்த பிரிவு.

ஏ.ஈ. குணசிங்க கொழும்புத் தொழிலாளரின் பெருந்தலைவர். 1923ஆம் ஆண்டுப் பொது வேலைநிறுத்தத்தை நடத்தியவர். சிங்களர், தமிழர், மலையாளிகள், முஸ்லிம்கள் என எல்லாரும் அவருடைய தொழிற்சங்கத்தில் இருந்தனர். நடேசய்யர் அதன் துணைத்தலைவராகப் பணியாற்றினார். 'தேசபக்தன்' அவருடைய போராட்டங்களுக்குத் துணைநின்றது. 1920களின் நடுப்பகுதியில் கொழும்பில் இனவேற்றுமை கடந்த தொழிலாளர் இயக்கம் ஒன்று உண்மையாகவே இருந்தது என்பதற்கு இவ்விருவரின் நட்பே சான்று. 1928ஆம் ஆண்டளவில் இருவரும் பிரிந்தனர். வேலையின்மை பெருகியது. குணசிங்கவின் சிங்கள இதழான 'வீரய' சிங்களத் தொழிலாளியின் வேலையை இந்தியர் பறிக்கின்றனர் என்று எழுதத் தொடங்கியது. குறிப்பாக மலையாளிகளுக்கு எதிராக அதன் எழுத்து கடுமையாக இருந்தது. ஊதியத்தைக் குறைத்த முதலாளி செய்தியிலிருந்து மறைந்தார். பக்கத்தில் நின்று மூட்டை தூக்கியவர் எதிரியாகக் காட்டப்பட்டார்.

சிங்களக் கிராமத்தாரின் குறை பொய்யன்று என்பதையும் இங்குச் சொல்லியாக வேண்டும். கண்டிப் பகுதியில் அவர்களுடைய காடுகளையும் மேட்டு நிலங்களையும் தரிசு நிலச் சட்டங்களின் வழியாக ஆங்கில அரசு எடுத்துக்கொண்டு தோட்டங்களுக்குக் கொடுத்தது. மந்த காலத்தில் கடனுக்கு ஈடாக வைத்த நிலங்களைச் செட்டியார்களிடம் இழந்தவர்கள் பலர். நிலம் இழந்தவருக்குக் கோபம் வருவது இயற்கையே. அந்தக் கோபம் யாரிடம் திரும்ப வேண்டும் என்பதைச் செய்தித்தாள்கள் முடிவுசெய்தன. வட்டிக்கு விடும் செட்டியார், அரிசி வணிகர், துறைமுகத்தில் உழைத்த மலையாளி, கள்ளிறக்குபவர், மலைமேல் 54 சதத்திற்குக் கவ்வாத்து வெட்டியவர் ஆகிய அனைவரும் 'இந்தியர்' என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் அடைக்கப்பட்டனர். செட்டியாரின் வட்டிக்குத் தோட்டத் தொழிலாளி பொறுப்பாளியானார். அந்தத் தொழிலாளியே வேறொருவரின் பேரேட்டில் கடனாளி என்பது யாருடைய பத்தியிலும் இடம்பெறவில்லை.

இந்தச் சிக்கல் நடேசய்யருக்கும் இருந்தது. கொழும்பு இந்திய வணிகர்களின் ஆதரவால் அவர் சபைக்குச் சென்றார். ஆனால் வணிகர்களின் நலனும் தொழிலாளரின் நலனும் எல்லாவிடத்தும் ஒன்றல்ல. இந்தியர் அனைவரும் ஒன்று என்று மேடையில் பேசும்போது, எதிரிகள் பயன்படுத்திய அதே ஒற்றைச் சொல்லை அவரும் பயன்படுத்த நேர்ந்தது. தலைவர்களின் வாழ்க்கையைப் படிக்கும்போது இத்தகைய இடங்களை மூடிவைத்துப் படிப்பதில் பயனில்லை.

வாக்குரிமையில் இது மேலும் கூர்மையடைந்தது. டொனமூர் ஆணைக்குழுவின் பரிந்துரையால் 1931ஆம் ஆண்டு இலங்கையில் வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. ஆசியாவில் அது பெரும் புதுமை. ஆனால் இந்தியத் தொழிலாளருக்கு மட்டும் நிலையாகக் குடியிருப்பதற்கான சான்று கேட்கப்பட்டது. லட்சக்கணக்கான வெளியார் வாக்களித்துக் கண்டிச் சிங்களரைத் தம் சொந்த மண்ணிலேயே சிறுபான்மையாக்கிவிடுவர் என்னும் அச்சம் இதழ்களில் பரவியது. 1931இல் வாக்காளர் பட்டியலில் இடம்பெற்ற இந்தியத் தமிழர் ஏறத்தாழ 1 லட்சம் பேரே. 1939ஆம் ஆண்டையொட்டி அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 2.25 லட்சமாக உயர்ந்தது; பட்டியல் திருத்தங்களால் மீண்டும் குறைந்தது. ஆறு லட்சத்தையும் கடந்த மக்களுள் வாக்குப் பெற்றவர் இத்தனை பேர்தாம் என்று எழுதாமல், வெள்ளம்போல் வருகின்றனர் என்றே எழுதினார்கள்.

ஏறத்தாழ இதே காலத்தில், காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் சென்றவர்களின் வழித்தோன்றல்கள் குவாதலூப்பில் வேறொரு போராட்டத்தை நடத்தி முடித்திருந்தனர். அத்தீவில் 1863ஆம் ஆண்டு பிறந்த ஹென்றி சிதம்பரம், இந்தியரின் பிள்ளைகளை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்க எடுக்கப்பட்ட முயற்சியை 1904ஆம் ஆண்டு முதல் எதிர்த்து வழக்காடினார். 1923ஆம் ஆண்டு அவர்கள் பிரெஞ்சுக் குடிமக்கள் என்பது உறுதியாயிற்று. கரும்புத் தோட்டத்தில் கிடைத்த அந்த நீதி தேயிலைத் தோட்டத்தில் கிடைக்கவில்லை.

1936ஆம் ஆண்டு தேர்தலில் ஹட்டன் தொகுதியிலிருந்து நடேசய்யர் அரசாங்க சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இம்முறை அவரைத் தேர்ந்தெடுத்தவர்களுள் தோட்டத் தொழிலாளரும் இருந்தனர். அவ்வாண்டு அமைந்த அமைச்சர் குழுவில் சிறுபான்மை இனத்தவர் ஒருவரும் இல்லை. 1939ஆம் ஆண்டு அரசுத்துறைகளில் நாட்கூலி பெற்ற இந்தியர்களை நீக்கும் முடிவு எடுக்கப்பட்டது. ஜவஹர்லால் நேரு இலங்கைக்கு வந்து பேசியும் முடிவு மாறவில்லை. அவருடைய வருகையின்போது இலங்கை இந்தியர் காங்கிரஸ் தோன்றியது. மலைநாட்டில் புதிய தலைமுறை எழுந்தது. சௌமியமூர்த்தி தொண்டமான் போன்றோர் முன்னணிக்கு வந்தனர். நடேசய்யர் அந்த இயக்கத்தோடு ஒன்றவில்லை. தனித்தே நடந்து பழகியவர். இதழ், சங்கம், மேடை என அனைத்தையும் தம் தோளிலேயே சுமந்தவர். அதுவே அவருடைய வலிமையாகவும் இருந்தது, குறையாகவும் இருந்தது.

சுதந்திரனும் குடியுரிமையும்

1947ஆம் ஆண்டு சா.ஜே.வே. செல்வநாயகம் 'சுதந்திரன்' இதழைத் தொடங்கியபோது அதன் முதல் ஆசிரியராக நடேசய்யரை அமர்த்தினார். அப்போது அவருக்கு வயது அறுபது. முப்பது ஆண்டுகளாகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒன்று நின்றால் மற்றொன்று என இதழ்களை நடத்தியவர் மீண்டும் ஆசிரியர் நாற்காலியில் அமர்ந்தார். அவ்வாண்டுப் பொதுத்தேர்தலில் அவர் வெற்றி பெறவில்லை. இலங்கை இந்தியர் காங்கிரசின் உறுப்பினர் எழுவர் பாராளுமன்றத்திற்குச் சென்றனர். 1947 நவம்பர் 7ஆம் நாள் நடேசய்யர் மறைந்தார்.

1948 பிப்ரவரி 4ஆம் நாள் இலங்கை விடுதலை பெற்றது. அவ்வாண்டே நிறைவேறிய குடியுரிமைச் சட்டம், தந்தையோ பாட்டனோ இலங்கையில் பிறந்தவர் என்பதற்குச் சான்று கேட்டது. பிறப்புப் பதிவே இல்லாத லயத்து மக்கள் எந்தச் சான்றைக் காட்ட முடியும்? மலைநாட்டுத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. இருபது ஆண்டுகளாகச் செய்தித்தாள்களில் வழங்கிவந்த வெளியார் என்னும் சொல் இப்போது சட்டமாகிவிட்டது. இச்சட்டத்தை எதிர்த்த செல்வநாயகம் தம் கட்சியிலிருந்து பிரிந்து புதிய கட்சி கண்டார். நடேசய்யர் ஆசிரியராக இருந்து தொடங்கிய 'சுதந்திரன்' அக்கட்சியின் குரலாயிற்று. மலைநாட்டு மக்களின் வாக்கால் ஒருவர் மீண்டும் பாராளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட 1977ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1964ஆம் ஆண்டு சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பது, 3 லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, எஞ்சிய 1 லட்சத்து 50 ஆயிரம் பேரைப் பற்றிப் பின்னர் முடிவெடுப்பது என்று இரு அரசுகளும் உடன்பட்டன. அந்த மக்களை ஒருவரும் கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர்கள் மண்டபம் முகாமிலிருந்து பல ஊர்களுக்குப் பிரிந்தனர். கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பகுதிகளில் அரசு தேயிலைத் தோட்டங்களை உருவாக்கி வேலை கொடுத்தது. இலங்கையில் இந்தியர் என்று அழைக்கப்பட்ட அவர்களுக்கு நீலகிரியில் கிடைத்த பெயர் சிலோன்காரர்.

இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டு நிறைவேறியது. அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், மலைநாட்டு எழுத்தாளர் சாரல்நாடன் நடேசய்யரின் வரலாற்றை எழுதி வெளியிட்டார். மறந்துபோன ஒரு தலைவரைத் தோட்டத்து மக்கள் அந்நூலின் வழியே மீண்டும் அறிந்தனர். நடேசய்யரின் பெயருக்கு முன் அவருடைய இதழின் பெயரையே அடைமொழியாகச் சேர்த்து, அந்நூலுக்குத் 'தேசபக்தன் கோ. நடேசய்யர்' என்று அவர் பெயரிட்டிருந்தார்.